ட்ரோனைத் தராசில் போட்ட நாள்

கம்பனியிடம் காசு இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். கோபம் அப்புறம்தான். கந்தப்பளைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துரைமாருக்குக் 'கண்டக்டர்', தொழிலாளர் வாயில் 'கண்டாக்கையா'. சம்பளப் பேச்சு தொடங்குகிறது என்றால் அந்த வாக்கியமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். என் உத்தியோக காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

போன மாதம் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்.

"ஐயா, எங்க தோட்டத்துக்கும் ட்ரோன் வருதுங்க. இந்தப் பக்கத்துலேயே உங்க தோட்டத்துக்குத்தான் மொதல்ல வந்துச்சாமே. எப்படிங்க இருந்துச்சு?"

"சத்தமா இருந்துச்சு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பாவம், மரியாதையாகக் கேட்ட பிள்ளைக்கு இப்படியா பதில் சொல்வது? ஆனால் போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் காம்பிராவில் பிறந்தேன். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். சாதாரணதரம் பாஸ் பண்ணியதும் ஒரு கிழட்டுக் கணக்கப்பிள்ளையின் பின்னால் மலைமலையாக அலைந்தேன். மழையில் நனைந்தேன், அட்டைக்கு இரத்தம் கொடுத்தேன், காலையும் மாலையும் திட்டு வாங்கினேன். அவ்வளவுதான் பயிற்சி. பிறகு படிப்படியாக ஏறி, துரைக்கும் தொழிலாளருக்கும் நடுவில் உட்காருகிற நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். அந்த நாற்காலி இருக்கிறதே, அதற்கு இரண்டு பக்கமும் அடி விழும். ஆபீசில் நான் லயத்து ஆள். லயத்தில் நான் துரையின் ஆள்.

பேச்சுவார்த்தை நெருங்கினால் எங்கள் ஆபீஸ் திடீரென்று ஏழையாகிவிடும். வராந்தா விளக்குகளில் பாதி எரியாது. நல்ல நாற்காலிகள் எங்கோ ஒளிந்துகொள்ள, கை உடைந்த நாற்காலி ஒன்று துரையின் மேசைக்கு எதிரே வந்து நிற்கும். பால் தேத்தண்ணி போய் வெறும் சாயத்தண்ணி வரும். பழைய துரை ஒருவர் ஜீப்பைப் பங்களாவிலேயே விட்டுவிட்டு, பேச்சு முடியும்வரை ஓட்டை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சங்கத் தலைவர்கள் வெளியே போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏனென்றால் அந்த ஜீப்புக்கு நாலு புது டயர் போட்ட செய்தி தோட்டம் பூராவும் தெரிந்திருந்தது.

எப்படித் தெரியும்? அங்கேதான் நான் அசந்து போவேன். ஏழாம் நம்பர் மலையில் நின்று கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குக் கீழே பங்களா, ஆபீஸ், தொழிற்சாலை, ரோடு எல்லாம் தட்டில் வைத்த மாதிரித் தெரியும். கை கொழுந்தில் இருக்கும், கண் ரோட்டில் இருக்கும். எந்த லொறி வந்தது, என்ன இறங்கியது, தூக்குவதற்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அத்தனையும் பார்த்துவிடுவார்கள். பார்த்தவர் 'கூ' என்று ஒரு குரல் கொடுப்பார். அடுத்த மலை அதை வாங்கி அதற்கடுத்த மலைக்குக் கொடுக்கும். சாமான் வந்த சீட்டில் ஆபீஸ்காரர் கையெழுத்துப் போடுவதற்குள் கீழே இருக்கிற பணிய லயத்தில் அது பேச்சாகிவிடும். கம்பனி வழவழப்பான தாளில் வருடக் கணக்கு அச்சடித்து வெளியிடும். அதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மலைக்கணக்கை நம்பினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாட்சம்பளம் எவ்வளவு என்பது கொழும்பில் தீர்வாகிற காரியம். ஆனால் அந்தச் சம்பளத்தை முழுதாக வாங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குள் நடக்கிற இழுபறி. எங்கள் தோட்டத்தில் பதினெட்டுக் கிலோ எடுத்தால் முழுப் பேர் விழும். அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். ரொம்பவும் குறைந்தால் அதுவும் இல்லை. நான் சொல்கிற வருடத்தில் கம்பனி அந்தப் பதினெட்டை இருபதாக்கச் சொன்னது.

இரண்டு கிலோதானே என்று டவுனில் இருப்பவர்களுக்குத் தோன்றும். இளம் பெண்களுக்கு அது பெரிய காரியமில்லைதான். ஆனால் முழங்கால் தேய்ந்து, இடுப்பு விட்டுப்போய், கிழட்டுச் செடி நிற்கிற மலையில் காலை ஊன்றி நிற்கிற பெண்ணுக்கு அந்த இரண்டு கிலோ எட்டவே எட்டாது. அப்படியானால் அவருக்கு இனிமேல் விடிகிற ஒவ்வொரு நாளும் அரைப் பேர்தான். எங்கள் தோட்டத்துக் கொழுந்துப் பெண்களில் பாதிப் பேர் அந்த வயதுக்காரர்கள். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவர் காளியம்மா. ஒல்லியான உடம்பு, வெற்றிலை போட்ட வாய், யாரிடமும் குரலை உயர்த்தாத பேச்சு. ஆனால் அந்தப் பேச்சு முடிகிறபோது எதிரே இருப்பவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு அங்குலம் பின்னால் போயிருப்பார்.

எங்கள் பெரிய துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனேஜரைத்தான் தோட்டத்தில் பெரிய துரை என்போம். இவர் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர். முந்திய துரைமார் எல்லாம் தொழிலாளரை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் வந்த முதல் நாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், முன்னால் நின்ற பெண்களைப் பார்த்து "நீங்க எந்த மலைக்குப் போறீங்க?" என்று கேட்டார். அவர்கள் திரும்பித் தங்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள்!

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பேச்சுக்கு வந்தவர்கள் உட்காரும்வரை தானும் நின்றுகொண்டே இருப்பார். முதல் தடவை அது பெரிய கூத்தாகிவிட்டது. துரை நிற்கும்போது எப்படி உட்காருவது என்று இவர்கள் நிற்க, இவர்கள் நிற்கிறார்களே என்று அவர் நிற்க, கடைசியில் காளியம்மாதான் "சரி உக்காருவோம், இல்லாட்டி தொரைக்குக் கால் வலிக்கும்" என்று ஆரம்பித்து வைத்தார். மற்றவர் பேசும்போது துரை இடையில் ஒரு வார்த்தை போட மாட்டார். பேசி முடித்த பிறகும் உடனே வாய் திறக்க மாட்டார். பிறகு, கேட்டதை அப்படியே தன் தமிழில் திருப்பிச் சொல்வார். "நீங்க சொல்றது இதுதானே? சரியா?" அவர்கள் சரி என்றால்தான் பதில் வரும். இந்த மனிதருக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் எத்தனையோ முறை வியந்திருக்கிறேன்.

முதல் நாள் பேச்சில் அவரும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"கம்பனிக்குக் காசு இல்ல. நான் பொய் சொல்ல இல்ல."

காளியம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "தொரை சொல்றத நாங்க நம்புறோம்ங்க. கம்பனி சொல்றதத்தான் நம்ப முடியல" என்றார்.

அந்த வாரமே ஏழாம் நம்பர் மலையிலிருந்து 'கூ' கேட்டது. கொழும்பு லொறி ஒன்றில் பெரிய பெட்டி வந்து இறங்கியிருந்தது. ஆறு பேர் சேர்ந்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரிப் பதமாகத் தூக்கினார்களாம். பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் தோட்டம் கொதித்தது. பங்களாவுக்குக் கட்டில் என்றார்கள். டைரக்டருக்குக் குளிக்கிற தொட்டி என்றார்கள். பியானோ என்றுகூட ஒருவர் சத்தியம் பண்ணினார். உள்ளே என்ன என்று எனக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

அடுத்த பேச்சில் காளியம்மா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"தொரை, கிலோவப் பத்திப் பேசறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கலாங்களா? காசே இல்லாத கம்பனிக்கு அவ்வளவு பெரிய பெட்டியில என்ன வந்திருக்குங்க?"

துரை வழக்கம்போலக் காத்திருந்து சொன்னார். "அது ட்ரோன். மலைக்கு மேல பறந்து உரம், மருந்து எல்லாம் தெளிக்கிற மிஷின். கொழும்பு ஆபீஸ் அனுப்பினது. நான் கேக்கல்ல. சம்பளம் வேற வோட், மிஷின் வேற வோட்."

வோட் என்பது எங்கள் தோட்டக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் ஒதுக்குகிற தலைப்பு. ஒன்றுக்கு ஒதுக்கியதை இன்னொன்றுக்குத் தொடக்கூடாது. நான் அதைத் தமிழில் விளக்கப் போனேன். காளியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளங்குதுங்க ஐயா. பை வேற வேறன்னு தொரை சொல்றாங்க. இருக்கட்டும். சட்ட ஒண்ணுதானேங்க?"

நான் துரையின் முகத்தைப் பார்க்கப் பயந்து மேசையைப் பார்த்தேன். துரை, "சரிதான். சட்ட ஒண்ணுதான்" என்றார். என் உத்தியோகத்தில் ஒரு துரை தொழிலாளியின் பேச்சுக்குச் 'சரிதான்' சொன்னதை அன்றைக்குத்தான் முதல் முறை கேட்டேன்.

சரி என்றாரே தவிர, கிலோவில் அவர் இறங்கவில்லை. இறங்க அவருக்கு அனுமதி இல்லை. மறுநாளிலிருந்து பெண்கள் பதினெட்டுக் கிலோ எடுத்ததும் மலையை விட்டு இறங்க ஆரம்பித்தார்கள். ஒரு தளிர்கூட அதிகம் கிள்ளவில்லை. நல்ல மழை பெய்து, வெயிலும் விழுந்து, கொழுந்து பொங்கிக்கொண்டு வருகிற காலம் அது. அப்போது மேலதிகமாக எடுக்காவிட்டால் செடியிலேயே முற்றிப்போகும். முற்றிய கொழுந்து தூளுக்கு உதவாது. மலை நாளுக்கு நாள் கரும்பச்சையாக மாறுவதைப் பார்க்க எனக்கே நெஞ்சு பதறியது.

ட்ரோனை முதல் முதல் பறக்கவிட்ட நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விளையாட்டு மைதானத்தில் நடந்தது. காளியம்மா பெண்களைத் திரட்டிக்கொண்டு கோஷம் போடத்தான் வந்தார். "கூட்டாதே கூட்டாதே, கிலோவைக் கூட்டாதே" என்று சத்தம் மைதானத்தை நிறைத்தது. அதற்கு நடுவில் கோயில் பூசாரி வந்துவிட்டார். தோட்டத்துக்குப் புதிதாக எந்த வண்டி வந்தாலும் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினால்தான் ஓட்ட விடுவோம். போராட்டம் வேறு, பூசை வேறு. அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் பூசாரிக்குத்தான் குழப்பம் வந்தது. இதற்குச் சில்லு எங்கே? சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, கடைசியில் அதன் கால்களுக்குக் கீழே பழத்தை வைத்தார். கொழும்பிலிருந்து அதை ஓட்ட வந்த தம்பி ஒன்றும் விளங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அது எழுந்தது. ஆயிரம் வண்டு ஒன்றாகக் கிளம்பியதுபோல ஓர் இரைச்சல். மைதானத்துப் புல் வட்டமாகப் படுத்தது. பெண்களின் தலைத்துணி பறந்தது. கோஷம் போட்ட வாய்கள் போட்டபடியே திறந்து நின்றன. அது நேராக மேலே போய், மலைச் சரிவில் சாய்ந்து, செடிக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் மிதந்து, பின்னால் வெள்ளைப் புகையாக மருந்தை விரித்துக்கொண்டு போனது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்தச் சரிவில் வழுக்கி வழுக்கி மருந்தடிக்கிற முனியாண்டி எனக்குப் பக்கத்தில் நின்றான். "அம்மாடியோவ்" என்று வாய்விட்டுச் சொன்னான். வயதான பெண் ஒருவர் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். என் உடம்பும் சிலிர்த்தது. நான் மட்டும் என்ன, கல்லா?

காளியம்மாவும் வாயில் கைவைத்துப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். திடீரென்று நினைவு வந்தவர்போலக் கையை எடுத்தார்.

"பாத்தீங்களா ஐயா, நம்மளயே மயக்கிப்புட்டானுங்க" என்றார். கோபமும் ஆச்சரியமும் அந்தக் குரலில் சரிபாதியாக இருந்தன.

அது இறங்கிய பிறகு பூசாரி குனிந்து பார்த்தார். எலுமிச்சம்பழம் முழுசாகக் கிடந்தது. நசுங்கவில்லை. நல்ல சகுனமில்லை என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சில நாட்களில் அவர்கள் பயந்தது நடந்தது. நல்ல பகல் நேரம். ஏழாம் நம்பர் மலைக்குப் பின்னால் ட்ரோன் பறந்துகொண்டிருந்தபோது மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனி சொல்லிவிட்டா வரும்? ஒரு நிமிஷத்தில் கை நீட்டினால் கை தெரியாது. இரைச்சல் கேட்டது, தேய்ந்தது, நின்றது. பனி விலகியபோது வானத்தில் ஒன்றும் இல்லை. மலைக்குப் பின்னால் காடடர்ந்த பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தத் தம்பி கையிலிருந்த கருவியைப் பார்த்தபடி அழுதே விட்டார். நாங்கள் உத்தியோகத்தர்கள் எல்லாம் கம்பு எடுத்துக்கொண்டு அன்றும் மறுநாளும் பள்ளத்தின் ஓரமெல்லாம் தேடினோம். அட்டைக்கடிதான் மிச்சம்.

கொழும்பு ஆபீசிலிருந்து துரைக்கு ஓயாமல் போன் வந்தது. பனி இறங்குகிற இடத்தில் பறக்கவிட்டது யார், பொறுப்பு யார் என்று கேட்டார்கள். அந்தத் தம்பிமேல் பழியைப் போட்டிருக்கலாம். "என் தோட்டம், என் பொறுப்பு" என்று துரை சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அது விழுந்த இடம் பெண்களுக்குத் தெரியும் என்று எனக்கு நிச்சயம். ஏழாம் நம்பர் மலையில் அன்று அவர்கள்தானே நின்றார்கள்? ரோட்டில் காளியம்மாவைக் கண்டபோது மெல்லக் கேட்டேன்.

"என்னம்மா, எங்க விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"நாங்க கொழுந்து பாக்குறவங்க ஐயா. ஆகாசத்தப் பாக்க எங்களுக்கு ஏது நேரம்?" சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துரையிடம் போய், கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"கேக்க வேணாம். நான் கேட்டா அந்த இடத்துக்கு அவங்க வெல சொல்லணும். வெல சொல்ல அவங்களுக்குப் பிடிக்காது. அந்தச் சங்கடம் நான் குடுக்க மாட்டேன்."

இப்படியும் ஒரு துரையா என்று எனக்குத் தலை சுற்றியது. உத்தியோகம் போகிற நிலையில் இருக்கிற மனிதர் பேசுகிற பேச்சா இது?

அதே நாட்களில் பணிய லயத்தில் நடந்ததை முனியாண்டி எனக்குப் பிறகு சொன்னான். இடம் அவர்களுக்குத் தெரியும்தான். மரம் முறிந்த சத்தத்தை வைத்தே குறித்துக்கொண்டார்கள். முனியாண்டிதான் முதலில் வாயைத் திறந்திருக்கிறான்.

"சும்மா குடுக்காதீங்க தலைவி. பதினெட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் இடத்தக் காட்டுவோம்னு சொல்லுங்க. இப்ப விட்டா எப்பவும் கெடைக்காது."

பல பேர் அவன் பக்கம். காளியம்மா எல்லோரையும் பேச விட்டிருக்கிறார். பிறகு சொன்னாராம்:

"இத்தன வருசமா கம்பனிக்காரனப் பாத்து நாம என்ன கேக்குறோம்? எத ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னுதானே? நாளைக்கு அவன் நம்மளப் பாத்து அதையே கேட்டா மூஞ்ச எங்க கொண்டுபோய் வைக்கிறது? பதினெட்டு நம்ம ஒழைப்புக்குக் கேக்குறது. ஒளிச்சு வச்சுக் கேட்டா அது வேற. எனக்கு அது வேணாம்டா."

முனியாண்டிக்கு மனசில்லை. ஆனால் மறுநாள் காலையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் பள்ளத்தில் இறங்கியவனும் அவன்தான்.

அன்று பெரட்டில் பெண்கள் வேலை கேட்டு நிற்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் ஓர் ஆளும் இல்லை. வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நான் கொழுந்து மடுவத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கொழுந்து நிறுக்கிற கொட்டகையைத்தான் மடுவம் என்போம். மத்தியானம் ஆகியிருக்கும். மலைப்பாதையில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டேன்.

வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் தப்படிக்க, நடுவில் இரண்டு மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டி, அதற்குள் ட்ரோன். ஒடிந்த இறக்கைகள் இன்னும் ஒடியாதபடி பள்ளத்தில் முளைத்த பன்னைச் செடியைக் கத்தை கத்தையாகச் செருகிப் பொதிந்திருந்தார்கள். சாமி தூக்குகிற மாதிரித் தோள் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். முழங்கால்வரை சேறு, கைகளில் முள் கீறல், கால்களில் இரத்தம். அவர்களில் பாதிப் பேர் கிழட்டு மலையில் நிற்கிற அந்த வயதுக்காரர்கள். அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாலே எனக்குக் கால் கூசும். இவர்கள் அதன் அடிவரை போய் வந்திருக்கிறார்கள்.

செய்தி கேட்டுத் துரையும் அந்தத் தம்பியும் ஓடி வந்தார்கள். தம்பி அதைத் தொட்டுத்தொட்டுப் பார்த்து, "பெரும்பாலும் சரி பண்ணிரலாம் சேர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துரை நன்றி சொல்ல வாயெடுத்தார். காளியம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, அதத் தூக்கித் தராசுல போடுங்க."

"என்னம்மா இது வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லைங்க ஐயா. இன்னிக்கு நாங்க கொழுந்து எடுக்கல. இதத்தான் எடுத்தோம். நிறுத்துப் பேர் போடுங்க. ஆனா ஒண்ணு, ஈரமா இருக்குன்னு தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சிராதீங்க!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மழை நாளில் கொழுந்தில் ஊறிய தண்ணீருக்கு என்று எடையில் கழிப்பது என் வேலை. அதற்காக நான் வாங்காத திட்டு இல்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துரை மட்டும் சிரிக்கவில்லை.

"நிறுத்துப் பாருங்க" என்றார்.

கம்பளியோடு கொக்கியில் மாட்டினோம். கம்பளியைக் கழித்து முப்பத்துமூன்று கிலோ.

"போனது இருபத்திநாலு பேருங்க" என்றார் காளியம்மா. "பங்கு போட்டா தலைக்கு ஒண்ணரைக் கிலோகூடத் தேறாது. அரைப் பேரும் விழாது. அப்படித்தானேங்க ஐயா சட்டம்?"

"அப்படித்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

காளியம்மா துரையைப் பார்த்தார். இப்போது சிரிப்பு இல்லை.

"தொரை, இந்தத் தோட்டத்துலேயே பெரிய வெலைச் சாமானத் தூக்கிட்டு வந்திருக்கோம். கிலோவுல பாத்தா இன்னிக்கு நாங்க வேலையே செய்யல. கெழட்டு மலையில நிக்கிற பொம்பளைக்கும் தெனம் இதே கணக்குத்தாங்க. எவ்வளவு பாடுபட்டாங்கன்னு தராசுக்குத் தெரியாது. தொரைக்குத் தெரியணும்."

துரை அந்தப் பெண்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொல்றது, கிலோ கொறஞ்சா வேல கொறஞ்சது என்று இல்ல. சரியா?"

"சரிங்க."

"கண்டக்டர், இவங்க எல்லாருக்கும் இன்னிக்கு முழுப் பேர் போடுங்க."

நான் மூச்சு விட்டேன். காளியம்மா விடவில்லை.

"நாளைக்குங்க?"

அதுதான் கேள்வி. அன்றைய முழுப் பேர் ஒரு நாள் கருணை. நாளைக்கு இருபது கிலோ என்றால் இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வாழ்க்கை முழுக்க அரைப் பேர். துரைக்கு அது தெரியும். கொழும்பு என்ன சொல்லும் என்பதும் தெரியும். அவர் முகம் சிவந்து அடங்கியதை நான் பார்த்தேன்.

"நாளைக்கும் பதினெட்டு" என்றார். "நான் இந்தத் தோட்டத்துல இருக்கிற வரைக்கும் பதினெட்டு. கொழும்புக்கு நான் பதில் சொல்றேன்."

அவர் என்ன பதில் சொன்னார், அதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொன்ன சொல் மட்டும் அவர் மாற்றலாகிப் போகும்வரை நின்றது.

பெண்கள் கைதட்டுவார்கள், தப்படித்து ஆடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. காளியம்மா கம்பளியை உதறி மடித்தார். ஒருவர் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டார். மடுவத்து மூலையில் கிடந்த கொழுந்துப் பைகளை எடுத்து ஒவ்வொருவராகத் தலையில் மாட்டினார்கள். செடி கீறாமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி இறுக்கினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? அதான் முழுப் பேர் போட்டாச்சே. வீட்டுக்குப் போய்க் காலுக்கு மருந்து போடுங்க."

காளியம்மா என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மலையப் பாத்தீங்களா ஐயா? கொழுந்து முத்திக்கிட்டு நிக்குது. இன்னும் ஒரு நாள் விட்டா அவ்வளவும் வீணாப்போயிரும். பேர் போட்டாச்சுன்னு செடிக்குத் தெரியுமா?"

அந்த இரத்தக் கால்களோடேயே ஏறத் தொடங்கினார்கள். துரையும் நானும் மடுவத்து வாசலுக்கு வந்தோம். அவர்கள் ஏழாம் நம்பர் மலைக்குப் போய், ஆளுக்கொரு நிரை பிடித்து, கை வைக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.